விட்கென்ஸ்டைன் வாத்தியாரும் எங்கள் சனிக்கிழமை வகுப்பும்

லுட்விக் விட்கென்ஸ்டைன் உயிரோடு இருந்த காலத்தில் வெளிவந்த அவருடைய புத்தகங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, 1921இல் ஜெர்மன் இதழொன்றிலும் மறு ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்போடு நூலாகவும் வந்த டிராக்டேட்டஸ். தத்துவத்தின் பக்கம் எட்டிப் பார்த்த எவரும் அந்தப் பெயரையாவது கேட்டிருப்பார்கள். மற்றொன்று, 1926இல் வியன்னாவில் வந்த தொடக்கப்பள்ளி மாணவர் சொல்லகராதி. மொத்தம் 42 பக்கம். சொல்லுக்குப் பொருள்கூட அநேகமாகக் கிடையாது. எப்படி எழுத வேண்டும் என்பதுதான் அதன் வேலை. அவருடைய தத்துவத்தைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்னவோ இந்த எழுத்துப்பிழை அகராதிதான்.

நான் வியன்னாவில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என்னோடு சேர்ந்து வகுப்பு எடுக்கும் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பிள்ளைகளில் பாதிப்பேர் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள், மீதி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வீடுகள். எல்லோரும் எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். வாரம் முழுவதும் ஜெர்மனில் படித்து, ஜெர்மனில் சண்டை போட்டுவிட்டு, சனிக்கிழமை காலை தூக்கம் கலையாத முகத்தோடு "ழ" எழுத வருகிறார்கள். அவர்களுக்கு ஏற்ற தமிழ் அகராதி தேடியபோதுதான், இதே நகரத்துக்காரர் ஒருவர் இதே தொல்லையை அனுபவித்து, தானே ஓர் அகராதி செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தெரிந்தது.

அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1889 ஏப்ரல் 26இல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா கார்ல் எஃகுத் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர். எட்டுப் பிள்ளைகளில் லுட்விக் கடைக்குட்டி. அண்ணன்மார் மூன்று பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். இன்னோர் அண்ணன் பால், முதல் உலகப்போரில் வலக்கையை இழந்த பின்னும் இடக்கையால் மட்டும் பியானோ வாசித்துப் புகழ்பெற்றவர். லுட்விக் பெர்லினிலும் மான்செஸ்டரிலும் பொறியியல் படித்து, கணிதத்தின் அடிப்படைகள் மீது ஆர்வம் திரும்பி, 1911இல் கேம்பிரிட்ஜில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அறைக்கதவைத் தட்டினார். போரில் ஆஸ்திரியப் படையில் இருந்தார். டிராக்டேட்டஸை 1918இல் முடித்தார். இத்தாலியில் போர்க்கைதியாக இருந்து 1919இல் வீடு திரும்பினார். தத்துவத்தில் தான் சொல்ல வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பினார். தன் பங்குச் சொத்து முழுவதையும் உடன்பிறந்தவர்களுக்கே எழுதிக்கொடுத்துவிட்டு, முப்பது வயதில், வியன்னா மூன்றாம் வட்டாரத்தில் குண்ட்மன்காஸ தெருவிலிருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அக்காள் ஹெர்மினுக்கு இது பொறுக்கவில்லை. இவ்வளவு கூர்மையான மூளையைத் தொடக்கப்பள்ளியில் வைப்பது, நுட்பமான கருவியால் மரப்பெட்டி திறப்பது மாதிரி என்று அவர் சொல்ல, தம்பி பதில் சொன்னாராம்: மூடிய ஜன்னல் வழியே பார்க்கிறவளுக்கு, தெருவில் போகிறவன் ஏன் இப்படித் தள்ளாடி நடக்கிறான் என்று விளங்காது, வெளியே புயல் அடிப்பது அவளுக்குத் தெரியாதே. எங்கள் வகுப்பில் பிடிவாதமாக வாய் திறக்காத பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பதில் நினைவுக்கு வரும்.

1920 முதல் 1926 வரை, கீழ் ஆஸ்திரியாவின் மலைக்கிராமங்களில் அவர் வாத்தியார். முதலில் டிராட்டன்பாக், இடையில் கொஞ்ச நாள் ஹாஸ்பாக், பிறகு புஹ்பெர்க், கடைசியில் ஓட்டர்டால். ஏழை உழவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வாழ்ந்த ஊர்கள். அப்போது ஆஸ்திரியாவில் ஓட்டோ க்ளோக்கல் முன்னின்று நடத்திய பள்ளிச் சீர்திருத்தம் வேகமெடுத்திருந்த காலம். மனப்பாடத்தை விட்டுவிட்டு, பிள்ளை தானே செய்து கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. சீர்திருத்தக்காரர்களின் முழக்கங்களை விட்கென்ஸ்டைன் கிண்டல் செய்தார். ஆனால் வகுப்பில் அவர் செய்ததெல்லாம் ஏறக்குறைய அதுதான்.

செத்த பூனையொன்றைக் கொண்டுவந்து, சதை நீக்கி, எலும்புகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து கோத்து முழு எலும்புக்கூடு செய்தார். நீராவி இயந்திரத்தின் மாதிரி செய்யவைத்தார். பிள்ளைகளை வியன்னாவுக்கு அழைத்துப்போவார். க்ளோக்னிட்ஸ் ரயில் நிலையம்வரை காட்டுவழியே நடை; வழியில் செடிக்கும் கல்லுக்கும் பெயர் சொல்லியாக வேண்டும். நகரத்துக்குப் போனால் கட்டடங்களைக் காட்டி எந்தப் பாணி என்று கேட்பார். திரும்பும்போது இருட்டில் அதே காட்டுவழி. டிராட்டன்பாக் ஆலையில் நீராவி இயந்திரம் நின்றுபோய், வந்த பொறியாளர்கள் கைவிட்டபின், இந்த வாத்தியார் நான்கு பேரைச் சுற்றி நிற்கவைத்து, தான் சொன்ன தாளத்தில் சுத்தியலால் தட்டவைத்து அதை ஓடவைத்தார் என்று ஊர்க்காரர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கூலியாகப் பணம் வாங்காமல், ஏழைப் பிள்ளைகளுக்குக் கம்பளித் துணி கேட்டாராம்.

புஹ்பெர்க்கில் இருந்தபோது, 1923 செப்டம்பரில், டிராக்டேட்டஸ் மொழிபெயர்ப்பில் பங்குகொண்ட ஃப்ராங்க் ராம்சே கேம்பிரிட்ஜிலிருந்து அவரைத் தேடி வந்தார். ராம்சேக்கு அப்போது வயது 20. வெள்ளையடித்த சின்ன அறை, ஒரு கட்டில், முகம்கழுவும் மேடை, சிறிய மேசை, கடினமான ஒரே ஒரு நாற்காலி. இராச்சாப்பாடு முரட்டு ரொட்டியும் வெண்ணெயும் கோக்கோவும். ஐரோப்பாவின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்றின் பிள்ளை இப்படி இருந்தார். பள்ளி முடிந்தபின் நாள்தோறும் மணிக்கணக்கில் இருவரும் டிராக்டேட்டஸை வரி வரியாகப் படித்தார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் அழகான கதை. எங்களூர்ப் பக்கம் நல்லாசிரியர் விருது விழாவில் படிக்கக்கூடிய கதை. ஆனால் அவர் அடித்தார்.

காதைத் திருகுவார், தலைமயிரைப் பிடித்து இழுப்பார், அறைவார். அந்தக் காலத்துக் கிராமப் பள்ளியில் அடி புதிதல்ல. குறும்பு செய்த பையனை வாத்தியார் அடித்தால் ஊர் ஒன்றும் சொல்லாது. இவர் அடித்தது குறும்புக்காக மட்டுமல்ல. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்து, புரியாதவர்களை அடித்தார். பெண்பிள்ளைகளையும் அடித்தார். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அவர் தெய்வம். சாயங்காலம்வரை கூடவே வைத்துச் சொல்லிக்கொடுப்பார், மேற்படிப்புக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோரிடம் வாதாடுவார். வயலிலும் மாட்டுக்கொட்டிலிலும் பிள்ளைகளின் கைகளை எதிர்பார்த்திருந்த பெற்றோருக்கு அதுவும் எரிச்சல். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு அவர் வகுப்பு ஒரு திகில். நாள்தோறும் முதல் இரண்டு மணி நேரம் கணக்குத்தான்; அது அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1926 ஏப்ரலில் ஓட்டர்டாலில் ஹைட்பவர் என்ற பதினொரு வயதுப் பையனைத் தலையில் அடித்தார். உடல்நலம் குன்றிய பிள்ளை. அப்படியே மயங்கி விழுந்தான். வகுப்பைக் கலைத்துவிட்டு, பையனைத் தலைமையாசிரியர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். வழியில் எதிர்ப்பட்டார் பீரிபவர் என்ற ஊர்க்காரர். அவருடைய மகளும் ஏற்கெனவே இந்த வாத்தியாரிடம் அடிவாங்கியவள். நீ வாத்தியாரா, மிருகத்தைப் பழக்குகிறவன் என்று கத்தித் தீர்த்துவிட்டார். விசாரணை நடந்தது, அவர் மீது குற்றம் நிலைக்கவில்லை. ஆனால் அதற்குக் காத்திராமல் ஏப்ரல் 28ஆம் தேதியே ராஜினாமா கொடுத்துவிட்டார். கல்வி அதிகாரி தடுத்துப் பார்த்தும் கேட்கவில்லை.

இதைப் பற்றி எங்கள் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "நானும் அந்தக் காலத்தில் அடித்திருக்கிறேன், தங்கச்சி. அந்தப் பிள்ளைகள் இப்போது லண்டனிலும் டொரண்டோவிலும் பெரிய ஆட்கள். கலியாண வீட்டில் கண்டால் முதலில் அந்தக் கதையைத்தான் எடுக்கிறார்கள். நான் படிப்பித்த பாரதியார் பாட்டை ஒருத்தரும் எடுக்கிறதில்லை." எங்கள் வகுப்பில் இன்றும் சில அப்பாக்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இரண்டு போட்டாவது எழுதவைக்கும்படி பாதி விளையாட்டாகச் சொல்லிப் போகிறார்கள். ஆஸ்திரியாவில் 1989 முதல் வீட்டில்கூடப் பிள்ளையை அடிப்பது சட்டப்படி தடை என்பதை முதல் பெற்றோர் கூட்டத்திலேயே அக்கா சொல்லிவிடுவார். சட்டத்தைச் சொன்னால் விவாதம் வளராது. வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

இப்போது அகராதி. அந்தக் காலத்தில் கிராமப் பள்ளிக்குக் கிடைத்த அகராதிகள் ஒன்று விலை அதிகமான பெரிய புத்தகங்கள், அல்லது பிள்ளைக்கு வேண்டிய சொல்லே இல்லாத சின்ன புத்தகங்கள். விட்கென்ஸ்டைன் முதலில் தன் மாணவர்களையே சொற்பட்டியல் எழுதவைத்து, அதைத் தைத்துக் கட்டவைத்தார். பல மாதம் பிடிக்கும் வேலை. அந்த அனுபவத்திலிருந்துதான் அச்சு நூலுக்குப் போனார். 1925 ஏப்ரலில் ஓட்டர்டாலில் இருந்தபடி அதற்கு ஒரு முன்னுரை எழுதினார். முதல் பதிப்பில் அந்த முன்னுரை அச்சாகவில்லை. பிற்கால மறுபதிப்பில் படிக்கலாம். தொடக்கப்பள்ளியில் மொழி கற்பிக்கும் எவருக்கும், தத்துவம் பக்கமே போகாவிட்டாலும், அந்தச் சில பக்கங்களைச் சிபாரிசு செய்வேன்.

அதில் மூன்று செய்திகள் எங்களுக்கு நேரடியாகக் கைகொடுத்தன.

முதலாவது, எந்தச் சொல்லைச் சேர்ப்பது. ஆஸ்திரியக் கிராமத்துப் பிள்ளைக்குத் தெரிந்த சொல்தான் அகராதியில் வரவேண்டும். தெரியாத சொல் எவ்வளவு பெரிய இலக்கியத்தில் வந்தாலும் வெளியே நிற்கட்டும் என்பது அவர் விதி. வட்டார வழக்கையும் ஒதுக்கவில்லை. நாங்களும் அப்படியே செய்தோம். வாரம் ஒரு முறை பிள்ளைகள் தங்கள் வீட்டில் புழங்கும் சொற்களைக் கொண்டுவர வேண்டும். வீட்டில் ஒருவர் வாயிலாவது வந்த சொல்லாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. "அன்னம்", "ஔவை", "ஃ" என்று பாடப்புத்தகம் தொடங்கும் இடத்தில் எங்கள் நோட்டு "கரண்டி", "அலுப்பு", "அம்மம்மா", "சார்ஜர்" என்று தொடங்கியது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை "வடிவு" கொண்டுவந்தான், சென்னைப் பிள்ளை "அழகு" கொண்டுவந்தாள். ஒருவர் "கெதியாக", மற்றவர் "சீக்கிரம்". இரண்டும் இரண்டு இடத்தில் பதிவாகி, ஒன்றின் கீழ் மற்றொன்று குறிக்கப்பட்டது. எது சரியான தமிழ் என்ற கேள்வியைப் பெற்றோர்தான் கேட்டார்கள், பிள்ளைகள் கேட்கவில்லை.

இரண்டாவது, வரிசை. அகரவரிசை பிள்ளைக்கு இயல்பானது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறோம். ஒரே வேரிலிருந்து வரும் சொற்களுக்கு நடுவே தொடர்பில்லாத சொல் நுழைந்தால் பிள்ளை குழம்பிவிடும் என்று விட்கென்ஸ்டைன் கவனித்திருந்தார். தேவைப்பட்ட இடத்தில் கண்டிப்பான அகரவரிசையைக் கைவிட்டு உறவுள்ள சொற்களைச் சேர்த்தே வைத்தார். தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். புள்ளி வைத்த எழுத்து நம் அகராதி வரிசையில் கடைசியில் வரும். ஆகவே பாலம், பாலாடை, பாலைவனம் எல்லாம் கடந்த பிறகுதான் பால் வரும். பால்காரர் அதற்குப் பின். பாலில் படியும் பாலாடை, பாலத்துக்கும் பாலைவனத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். எங்கள் நோட்டில் பாலாடையைப் பாலின் கீழேயே வைப்பது என்று பிள்ளைகள் கைதூக்கி முடிவு செய்தார்கள். ஒரு பெண் மட்டும் எதிர்த்தாள்; பெரிய அகராதியில் தேடும்போது கஷ்டப்படப்போவது யார் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால் இரண்டு இடத்திலும் எழுதிவைத்திருக்கிறோம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: திருத்துவது யார். கையில் நம்பகமான அகராதி இருந்தால் மட்டுமே எழுத்துப்பிழைக்கு மாணவனைப் பொறுப்பாக்க முடியும் என்கிறார் அவர். பிழையைக் கண்டுபிடிக்கும் வழியையே கொடுக்காமல் சிவப்பு மையால் கோடு இழுப்பதில் என்ன இருக்கிறது? தன் கட்டுரைக்குத் தான் மட்டுமே ஆசிரியன் என்ற உணர்வு பிள்ளைக்கு வரவேண்டும், திருத்துவதும் அவனே என்கிறார். எங்கள் வகுப்பில் இப்போதைய நடைமுறை இது: பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைப்போம். இரண்டு பிழை என்றால் இரண்டு புள்ளி. எந்தச் சொல், எந்த எழுத்து என்று சொல்வதில்லை. பிள்ளை தன் சொல்நோட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். "பள்ளிக்கு போணேன்" என்று எழுதியவன் முதலில் "பள்ளி" என்பதைச் சந்தேகிக்கிறான், நோட்டில் பார்க்கிறான், சரி. பிறகு அடுத்ததைப் பார்க்கிறான். இந்தத் தேடலில் சரியாக எழுதிய சொற்களும் சரிதான் என்று அவனுக்கு உறுதியாகிறது. நாங்கள் எதிர்பார்க்காத பலன் அது.

நேரம் பிடிக்கும். ஒரு பக்கத்துக்கு அரை வகுப்பு போய்விடும். பெற்றோர் நோட்டைத் திறந்து பார்த்து, டீச்சர் திருத்தவே இல்லையே என்பார்கள். முதலிலேயே விளக்கிச் சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்று: ன, ண, ர, ற, ல, ள, ழ மயக்கங்களுக்கு மட்டும் இந்த முறை முழுதாகப் பொருந்தும். "க்கு", "ப்பு" என்று ஒற்று மிகும் இடங்களுக்குச் சொல்நோட்டு உதவாது. அங்கே புள்ளி வைப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். பத்து வயதுப் பிள்ளையின் சந்திப்பிழையை இப்போதைக்கு யாரும் பார்க்காமல் விட்டால் தமிழுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஒரு விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. நோட்டுகளை மாற்றிக்கொண்டு ஒருவர் பிழையை மற்றவர் திருத்தும் முறை அவருக்குப் பிடிக்காது. முதல் மாணவனின் தாளிலிருந்து இரண்டாம் மாணவனின் திறமையை நான் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். மதிப்பெண் போடும் பள்ளிக்கு அது சரி. எங்களுக்கு மதிப்பெண்ணும் இல்லை, பரீட்சையும் இல்லை. இரண்டு பிள்ளைகள் ஒரு நோட்டின் மேல் குனிந்து, "றொட்டி"யா "ரொட்டி"யா என்று தமிழில் வாதாடுவதுதான் அந்த வாரத்தில் அவர்கள் பேசும் அதிகபட்சத் தமிழ். அதை ஏன் விட வேண்டும்?

பள்ளியை விட்டபின் அவர் வியன்னாவின் புறநகரில் ஒரு மடத்தில் தோட்டவேலை செய்தார். பிறகு, தான் ஆசிரியர் பயிற்சி பெற்ற அதே குண்ட்மன்காஸவில் அக்காள் மார்கரெட்டுக்கு, கட்டடக் கலைஞர் பால் எங்கெல்மானோடு சேர்ந்து ஒரு வீடு கட்டினார். கதவுப்பிடி முதல் வெப்பக்குழாய்வரை மில்லிமீட்டர் கணக்கில் அவரே அளந்து செய்தது. வீடு இன்றும் இருக்கிறது. பல்கேரியப் பண்பாட்டு மையம் அங்கே இயங்குகிறது. 1929இல் கேம்பிரிட்ஜ் திரும்பி, டிராக்டேட்டஸையே ஆய்வேடாகக் கொடுத்து முனைவர் பட்டம் பெற்று, 1939இல் பேராசிரியரானார். 1951இல் இறந்தார். அவர் பல ஆண்டுகள் எழுதித் திருத்திக்கொண்டிருந்த 'தத்துவ ஆய்வுகள்' 1953இல்தான் வெளிவந்தது.

இந்தப் புத்தகத்தை வகுப்பு எடுக்கத் தொடங்கிய பிறகு படித்ததை என் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். டிராக்டேட்டஸில் குழந்தையே கிடையாது. உலகம் இருக்கிறது, வாக்கியம் இருக்கிறது, அதை யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற பேச்சே இல்லை. 'தத்துவ ஆய்வுகள்' முதல் பக்கத்திலேயே ஒரு குழந்தை மொழி கற்பதில் தொடங்குகிறது: பெரியவர்கள் பொருளைச் சுட்டிப் பெயர் சொன்னார்கள், அப்படியே பேசக் கற்றேன் என்று புனித அகஸ்டின் எழுதியதை எடுத்துவைத்து, மொழி அவ்வளவுதானா என்று கேட்கிறது. அதற்குப் பின் ஒரு மாணவன் திரும்பத் திரும்ப வருகிறான். அவனுக்கு எண் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். இரண்டு இரண்டாகக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். ஆயிரம்வரை சரியாகப் போகிறான். அதற்கு மேல் 1000, 1004, 1008 என்று எழுதுகிறான். என்ன செய்கிறாய் பார் என்றால் அவனுக்குப் புரிவதில்லை. அப்படித்தானே போகச் சொன்னீர்கள், நான் முன்பு போலத்தானே செய்கிறேன் என்கிறான்.

எங்கள் வகுப்பில் அந்த மாணவனைப் பார்த்தேன். ஓடு, ஓடினான், பாடு, பாடினான், தேடு, தேடினான், ஆடு, ஆடினான். அடுத்து "போடு" என்றேன். "போடினான்" என்றான் பையன், கொஞ்சமும் தயங்காமல். தவறு என்றதும் அவன் முகத்தில் வெட்கம் இல்லை, ஆச்சரியம்தான். முன்பு போலத்தானே செய்தேன் என்ற அதே பார்வை. நாம் வைத்த நான்கு உதாரணங்களும் அவன் விதிக்குப் பொருந்துகின்றன. அவனை மந்தம் என்பதா? நாம் சொல்லாமல் விட்டதை அவன் தன் போக்கில் நிரப்பிக்கொண்டான், அவ்வளவுதான். அன்றிலிருந்து பிள்ளை பிழை சொன்னால் எங்கள் முதல் கேள்வி, "எப்படிப் போனாய், சொல்" என்பது. பாதி நேரம் அவர்கள் சொல்லும் வழி நாம் எதிர்பார்த்ததைவிடச் சீரானது. பிறகு போடு, போட்டான்; சாப்பிடு, சாப்பிட்டான்; விடு, விட்டான் என்று இன்னொரு கூட்டத்தைப் பக்கத்தில் வைக்கிறோம். விளக்கம் தருவதில்லை. அடுத்ததை அவர்களே இரண்டில் ஒரு கூட்டத்தோடு சேர்க்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தின் மெதுவான மாணவன் எங்கிருந்து வந்தான் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. என் கட்சி தெளிவானது. ஓட்டர்டாலில் கணக்குப் புரியாமல் விழித்து அடிவாங்கிய பிள்ளைதான் அவன். வகுப்பறையில் எவனுடைய புரியாமையைப் பொறுக்க முடியாமல் அவர் கை ஓங்கினாரோ, அவனை வைத்துத்தான் இருபது ஆண்டுகளுக்குமேல் யோசித்தார். ஒருவன் புரிந்துகொண்டான் என்று எதை வைத்துச் சொல்கிறோம், விதியைப் பின்பற்றுவது என்றால் என்ன என்பதெல்லாம் அவனிடமிருந்து கிளம்பும் கேள்விகள். நான் செய்வது குழந்தை உளவியலா என்று ஒரு குறிப்பில் தன்னையே கேட்டுக்கொண்டு, இல்லை, கற்பித்தல் என்ற கருத்தையும் பொருள் என்ற கருத்தையும் இணைக்கிறேன் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு சொல்லின் பொருள் மொழியில் அதன் பயன்பாடு என்ற புகழ்பெற்ற கருத்தும் பிள்ளைகளுக்கு நடுவே நின்று பார்த்தால் கடினமாகத் தெரிவதில்லை.

1936இல், பேராசிரியராவதற்கு முன்பே, அவர் ஓட்டர்டாலுக்குத் திரும்பிப் போனார். தான் அடித்த பிள்ளைகளை வீடு வீடாகத் தேடி, வளர்ந்து ஆளாகியிருந்தவர்கள் முன் நின்று மன்னிப்புக் கேட்டார். சிலர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்கள். பீரிபவரின் மகள் "யா, யா" என்று மட்டும் சொன்னாராம். அவர் அதற்குமேல் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்காவிடம் சொன்னபோது, "அந்தப் பிள்ளை சொன்னது காணும்" என்றார். யாழ்ப்பாணத்தில் "காணும்" என்றால் போதும்.

'தத்துவ ஆய்வுகள்' முதல் பத்தியிலிருந்து ஒரு விளையாட்டையும் எடுத்துக்கொண்டோம். "ஐந்து சிவப்பு ஆப்பிள்" என்று எழுதிய சீட்டைக் கடைக்காரரிடம் கொடுக்கிறார்கள். அவர் ஆப்பிள் என்று எழுதிய இழுப்பறையைத் திறக்கிறார், நிற அட்டையில் சிவப்பைப் பார்க்கிறார், ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி எடுக்கிறார். மூன்று சொல்லுக்கும் மூன்று விதமான வேலை. எங்கள் கடையில் அட்டைப்பெட்டிகள், வண்ணப் பென்சில்கள், நிற அட்டை. சீட்டில் எழுதியிருப்பதைத் தவிர வேறெதையும் கடைக்காரர் செய்யக்கூடாது. "மூன்று பச்சைப் பென்சில்" சுலபம். ஒரு சுட்டிப் பெண் "நல்ல பென்சில் இரண்டு" என்று எழுதிக் கொடுத்தாள். கடைக்காரப் பையன் நிற அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லதுக்கு அட்டை எங்கே?" என்று கேட்டான். கூர் உள்ளதா, நீளமானதா, புதியதா என்று வகுப்பே இறங்கிவிட்டது. எண்ணும் நிறமும் கற்பிக்கச் செய்த விளையாட்டு அன்றைக்குப் பெயரடைப் பாடமாக மாறியது. செலவு, பழைய செருப்புப் பெட்டிகள் நான்கு.

அந்தக் கிராமங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: வியன்னாவிலிருந்து க்ளோக்னிட்ஸ்வரை ரயில் இருக்கிறது. அங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம் ஓட்டர்டால், கிர்ஹ்பெர்க், டிராட்டன்பாக். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பிப் போக வேண்டாம். கார் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வாரநாள். கிர்ஹ்பெர்கில் 1970களிலிருந்து ஆகஸ்டில் அவர் பெயரால் பன்னாட்டுத் தத்துவ மாநாடு நடத்துகிறார்கள். அந்த நாட்களில் தங்க இடம் கிடைப்பது கடினம். புஹ்பெர்க் வேறு திசை, வீனர் நோய்ஷ்டாட் வழியாகப் போக வேண்டும். பிள்ளைகளோடு போவதானால் அதுவே மேல்: பல்சக்கர ரயில் ஷ்னேபெர்க் மலைமீது ஏறுகிறது. தத்துவத்தில் ஆர்வமில்லாத கணவர்மாரையும் அழைத்துப்போகலாம்.

எங்கள் சொல்நோட்டு அச்சுக்குப் போகப் போவதில்லை. பிள்ளைகள் கையால் எழுதி, நகலெடுத்து, கோணி ஊசியால் தைத்த புத்தகமாகவே இருக்கும். புதிய பிள்ளை வந்தால் அதைப் பார்த்துத் தன் நோட்டைத் தொடங்கும். இப்போது நடக்கும் சண்டை "கதை", "பேசு" பற்றியது. இரண்டும் ஒரே பதிவாக இருக்கட்டும் என்றால் எது தலைப்பு, எது கீழே என்று வாக்குவாதம். அகரவரிசையில் "க" முன்னே வருகிறது, ஆகவே "கதை"தான் தலைப்பு என்று யாழ்ப்பாணத்துக் கட்சி வென்றது. மறு வாரமே சென்னைக் கட்சி, "பேந்து" என்ற பதிவைத் தூக்கி "அப்புறம்" என்பதன் கீழே வைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறது. "அ" எல்லாவற்றுக்கும் முன்னே வருகிறதாம்.